கிராண்ட் கேன்யனுக்குத் தனியா போனேன், யாருக்கும் சொல்லாம

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர், அதுவும் பொண்ணுங்க நிறைய பேர், ஒரே கேள்வியக் கேட்டிருந்தீங்க. "தனியா டிராவல் பண்ணணும்னு ஆசை. வீட்ல என்ன சொல்லிட்டுப் போறது?"

நேர்மையா சொல்றேன். இந்தக் கேள்விக்கு நான் ரொம்ப நாள் ஒரு தப்பான பதிலத்தான் வச்சிருந்தேன். பொய் சொல்லிட்டுப் போறதுதான் அந்தப் பதில். அதை நான் மாத்திக்கிட்டது அமெரிக்காவுல, அரிசோனா மாநிலத்துல, பனி உறைஞ்சு கிடந்த ஒரு மலைப்பாதைல. இன்னிக்கு அந்தக் கதைதான். கிராண்ட் கேன்யன், ஜனவரி மாசம், நான் மட்டும்.

ரெண்டு பொய்

மூணு மாச ப்ராஜெக்ட்டுக்காக ஆபீஸ்ல என்னை ஃபீனிக்ஸுக்கு அனுப்பியிருந்தாங்க. அப்போ எனக்கு 27 வயசு. என்னோட சேர்த்து டீம்ல அஞ்சு பேர். ஜனவரி மூணாவது திங்கட்கிழமை அங்க மார்ட்டின் லூதர் கிங் நினைவா லீவு. சனி, ஞாயிறு, திங்கள்னு மூணு நாள் கையில. டீம்ல எல்லாரும் லாஸ் வேகாஸுக்குக் கிளம்பினாங்க.

எனக்கு வேகாஸ் மேல பெருசா ஆசை இல்ல. அதைவிட முக்கியம், ரெண்டு மாசமா காலைல காபில இருந்து ராத்திரி சாப்பாடு வரைக்கும் அதே நாலு முகம். நல்லவங்கதான், ஆனா மூச்சு முட்டிச்சு. ஒரு மூணு நாள் யாருக்கும் பதில் சொல்லாம, என்ன சாப்பிடலாம்னு யார்கிட்டயும் கேக்காம இருக்கணும்னு தோணிச்சு.

அதனால டீம்ல என்ன சொன்னேன்? "காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு, நான் ரூம்லயே படுத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க."

திருச்சில இருக்கற எங்க அம்மாகிட்ட என்ன சொன்னேன்? "ஆபீஸ் ஆளுங்களோட ஊர் சுத்திப் பார்க்கப் போறேன்மா."

"யாரெல்லாம் வர்றாங்க?"

"எல்லாரும்தான்மா."

"பொண்ணுங்க இருக்காங்கல்ல?"

"ரெண்டு பேர் இருக்காங்கம்மா."

பார்த்தீங்களா, பொய்க்குக் கூட ஒரு ஹெட்கவுண்ட் கொடுத்திருக்கேன். அப்போ இதுல ஒரு தப்பும் எனக்குத் தெரியல. யாருக்கும் கவலை இல்ல, எனக்கும் சுதந்திரம். நல்ல பிளான்னுதான் நினைச்சேன்.

ரெண்டு மணி நேரம் பார்த்தது வெறும் வெள்ளை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபீனிக்ஸ்ல பஸ் ஏறும்போது நம்ம மார்கழி மாதிரி சுகமான குளிர். ஃபீனிக்ஸ் பாலைவன ஊர். அங்க இருந்து வடக்க ஃபிளாக்ஸ்டாஃப்ங்கற ஊருக்கு ஏறினா, அது 2,100 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட ஊட்டி உயரம்னு வச்சுக்கங்க. பஸ்ஸ விட்டு இறங்கினா ரோட்டோரம் எல்லாம் பனிக் குவியல். ராத்திரி அங்க தங்கிட்டு, சனிக்கிழமை காலைல ஷேர் வேன்ல கிளம்பினேன். சுமார் 130 கிலோமீட்டர்.

கிராண்ட் கேன்யனுக்கு ரெண்டு விளிம்பு உண்டு. தெற்கு விளிம்புக்கு சவுத் ரிம்னு பேரு, வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். வடக்கு விளிம்பு இன்னும் 300 மீட்டர் உயரம். குளிர்காலத்துல பனி மூடிடும்ங்கறதால அங்க போற ரோட்டையே அடைச்சிடுவாங்க. இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் நேரா 16 கிலோமீட்டர்தான். ஆனா ரோட்டுல சுத்திப் போனா 340 கிலோமீட்டருக்கு மேல ஆகும். நடுவுல இருக்கற பள்ளம் அப்படி.

அந்தப் பள்ளத்தோட கணக்கு எல்லாம் எனக்கு மனப்பாடம். கொலராடோ ஆத்தோட போக்குல அளந்தா 446 கிலோமீட்டர் நீளம், கிட்டத்தட்ட சென்னையில இருந்து மதுரை தூரம். அதிகபட்ச அகலம் 29 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல. ஆறு மாசமா இன்ஸ்டாகிராம்ல பார்த்துப் பார்த்து, எந்த இடத்துல நின்னு என்ன போஸ் கொடுக்கணும்னு கூட முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

வேன் இறங்கி, பையை லாட்ஜ்ல போட்டுட்டு, மேதர் பாயிண்டுக்கு ஓடினேன். கம்பித் தடுப்பு இருந்துச்சு. தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளை. அவ்வளவுதான். மூடுபனி. ஒரு அடிக்கு அப்புறம் என்ன இருக்குன்னே தெரியல. பக்கத்துல ஒரு குடும்பம் அந்த வெள்ளைய பின்னாடி வச்சு செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க. "வால்பேப்பர் மாத்தாத டெஸ்க்டாப் மாதிரி இருக்கு"ன்னு எனக்குத் தோணிச்சு. சொல்றதுக்குத்தான் பக்கத்துல ஆள் இல்ல.

ரெண்டு மணி நேரம் நின்னேன். விலகல. சரி, மேற்குப் பக்கம் ஹெர்மிட் ரோட்டுல போய் வேற பாயிண்ட் பார்க்கலாம்னு ஷட்டில் பஸ் விசாரிச்சா, அந்த ரூட் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் ஓடாதாம். அந்த மூணு மாசம் மட்டும் அந்த ரோட்டுல சொந்த கார்ல போகலாம். எனக்கு காரும் இல்ல, அங்க ஓட்ட லைசென்ஸும் இல்ல. ஆறு மாச ஆராய்ச்சில இது ஒண்ணு மட்டும் என் கண்ணுல படல.

என் 27 வயசு, ஒரு முடி அளவு கூட இல்ல

வேற வழி இல்லாம விளிம்பு ஓரமாவே நடக்க ஆரம்பிச்சேன். அப்படித்தான் அந்தப் பாதை கிடைச்சது. யாவபாய் ஜியாலஜி மியூசியம் பக்கத்துல ஆரம்பிச்சு ஊர் பக்கமா போகுது. பேரு 'டிரெயில் ஆஃப் டைம்', காலப் பாதை. 2010ல திறந்திருக்காங்க.

இதுல கணக்கு ரொம்ப எளிது. ஒரு மீட்டர் நடந்தா பத்து லட்சம் வருஷம் பின்னாடி போறீங்க. தரையில ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு உலோக வில்லை பதிச்சிருக்கு. பள்ளத்தாக்குல இருக்கற ஒவ்வொரு அடுக்குப் பாறையிலயும் ஒரு துண்டு எடுத்து, அதோட வயசு எங்க வருதோ அந்த இடத்துல வச்சிருக்காங்க. தொட்டுப் பார்க்கலாம்.

நான் போன்ல கால்குலேட்டர எடுத்தேன். என் 27 வருஷம் இந்தப் பாதையில 0.027 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியோட தடிமன் கூட வராது. சங்க காலம் 2 மில்லிமீட்டர். நம்ம மனுஷ இனம் தோன்றி சுமார் 3 லட்சம் வருஷம்னு சொல்றாங்க, அது 30 சென்டிமீட்டர். ஒரு ஸ்கேல்! டைனோசர் அழிஞ்சது 66 மீட்டர்ல. அதையும் தாண்டி நடக்கறேன், நடக்கறேன், பள்ளத்தாக்கோட பாறை ஒண்ணு கூட வரல. 270 மீட்டர் வந்த அப்புறம்தான் முதல் கல். கைபாப் சுண்ணாம்புக்கல். நான் நின்னுட்டிருக்கற விளிம்போட மேல் அடுக்கே அதுதான். அதாவது, அங்க இருக்கற மேலடுக்கே டைனோசருக்கு முன்னாடி உருவானது.

அந்தக் கல்லு ஒரு காலத்துல கடலடி. அதுக்குக் கீழ கொக்கொனினோ மணற்கல், ஒரு காலத்துல பாலைவன மணல்மேடு. கடல் வந்து, போயி, மணல் வந்து, மறுபடி கடல் வந்து, அடுக்கு அடுக்கா படிஞ்சிருக்கு. ஆக அடியில, ஆத்தோரம் இருக்கற கருத்த பாறைக்கு சுமார் 175 கோடி வருஷம். அந்தப் பாறையோட பேரு என்ன தெரியுமா? விஷ்ணு ஷிஸ்ட்.

எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு வந்துடுச்சு. அரிசோனா பள்ளத்தாக்கோட அடியில பெருமாள் படுத்திருக்கார்! காரணம் இருக்கு. 1880கள்ல கிளாரன்ஸ் டட்டன்னு ஒரு புவியியலாளர் இங்க இருக்கற சிகரங்கள் கோயில் கோபுரம் மாதிரி இருக்குன்னு விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள்னு பேர் வச்சார். பின்னாடி வந்தவங்களும் அதே வழியில பிரம்மா, ராமா, கிருஷ்ணான்னு வச்சுட்டுப் போயிட்டாங்க.

ஆனா இந்த இடம் பேர் இல்லாம காலியா கிடந்த இடம் இல்ல. பதினோரு பூர்வகுடி இனங்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கோட உறவு இருக்கு. அதுல ஹவாசுபாய் மக்கள் இதுக்குள்ளயே விவசாயம் பண்ணிட்டு இருந்தவங்க. 1919ல இது தேசியப் பூங்கா ஆச்சு. 1928ல உள்ள ஒரு தோட்டத்துல கடைசியா இருந்தவரையும் வெளிய அனுப்பினாங்க. 1975ல தான் அவங்க நிலத்துல ஒரு பெரிய பகுதி சட்டப்படி திரும்பக் கிடைச்சது. அந்தத் தோட்டத்துக்கு 'ஹவாசுபாய் கார்டன்ஸ்'னு அவங்க பேரையே வச்சது 2022ல. இன்னிக்கும் பள்ளத்துக்குள்ள இருக்கற அவங்க கிராமமான சுபாய்க்குத் தபால் கோவேறு கழுதை மேலதான் போகுது.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. பாறைக்குத்தான் இத்தனை கோடி வயசு. பள்ளம் சின்னப் பிள்ளை. ஆறு இந்த அளவுக்கு வெட்டினது கடந்த 50, 60 லட்சம் வருஷத்துலதான்னு பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. காலப் பாதையில அஞ்சாறு மீட்டர். ஆழத்தை வெட்டியது ஆறு. அகலமாக்கியதில் பெரிய பங்கு பனிக்கு உண்டு. பகல்ல உருகற தண்ணி பாறை இடுக்குல இறங்கும். ராத்திரி உறையும்போது அது சுமார் 9 சதவீதம் விரியும். அந்த அழுத்தத்துல பாறை வெடிச்சு, ஒரு நாள் கழண்டு விழும். சுற்றுலாவுக்கு இது ஆஃப் சீசன், பள்ளத்தாக்குக்கு இதுதான் வேலை நாள்.

அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நான் கிராண்ட் கேன்யனப் பார்க்கவே இல்ல. தொட்டு மட்டும்தான் பார்த்தேன்.

மேகத்துக்கு மேல

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு எழுந்தேன். ஜனவரில அங்க சூரியன் ஏழரைக்கு மேலதான் வரும். மைனஸ் 9 டிகிரி. லாட்ஜ் வாசல்ல எல்க் ஒண்ணு, நம்ம கடமான் மாதிரி ஆனா இன்னும் பெருசு, பனியக் காலால கிளறி எதையோ மேய்ஞ்சிட்டு இருந்துச்சு. ஒதுங்கி, தூரமா சுத்திப் போனேன்.

விளிம்புக்குப் போனா தலைக்கு மேல வானம் சுத்தமா தெளிஞ்சிருந்துச்சு. கீழ குனிஞ்சா மேகம். பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பி, என் கால் மட்டத்துக்குக் கீழ அலையலையா நகருது. குளிர்ந்த காத்து பள்ளத்துக்குள்ள தங்கி, மேல வெதுவெதுப்பான காத்து மூடி போட்ட மாதிரி உக்காந்துட்டா இப்படி ஆகும். பள்ளம் முழுக்க நிரம்பறது அபூர்வம். எப்பவாவது, பெரும்பாலும் குளிர்காலத்துல, புயல் மழை பனிக்கு அப்புறம் நடக்கும்.

சூரியன் வந்துச்சு. மேகம் மேல ஆரஞ்சு வெளிச்சம். அப்புறம் அங்கங்க ஒரு சிகரத்தோட உச்சி தீவு மாதிரி தலைய நீட்டிச்சு. செவப்புப் பாறை, அது மேல வெள்ளைப் பனி. ஒரு மணி நேரத்துல மேகம் கிழிய ஆரம்பிச்சு, அந்தக் கிழிசல் வழியா முதல் தடவையா ஆழம் தெரிஞ்சது. என் முழங்கால் தானா ஒரு அடி பின்னாடி வச்சிடுச்சு.

போட்டோ எடுக்கணும்னு பார்த்தா போன் செத்துப் போச்சு. குளிர்ல பேட்டரி சட்டுனு இறங்கிடும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அன்னிக்கு எனக்கு அது ஒரு குறையாவே படல. சட்டைக்குள்ள வச்சு சூடாக்கினதும் அரை மணி நேரத்துல உயிர் வந்துடுச்சு.

கையுறை

அந்த சந்தோஷத்துல ஒரு தைரியம் வந்துச்சு பாருங்க. கீழ இறங்கிப் பார்க்கணும்.

சவுத் கைபாப்னு ஒரு பாதை. அங்க போக ஷட்டில் உண்டு, குளிர்காலத்துலயும் ஓடும். 1.4 கிலோமீட்டர் இறங்கினா 'ஊ ஆ பாயிண்ட்'. ஆமா, பேரே அதுதான். வாயப் பொளந்து ஊ, ஆன்னு சொல்வோம்ல, அது. அங்க இருந்து இன்னொரு கிலோமீட்டர் போனா சீடர் ரிட்ஜ். மொத்தம் சுமார் 340 மீட்டர் இறக்கம். நம்ம டார்கெட் சீடர் ரிட்ஜ்.

முதல் வளைவுகள் நிழல்ல இருக்கறதால பாதை முழுக்க இறுகின பனி. மைக்ரோஸ்பைக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஷூவுக்கு மேல மாட்டற இரும்புப் பல்லு வச்ச ரப்பர் வளையம். ஊர்க் கடையில முந்தின நாளே வாங்கியிருந்தேன். அது இருந்ததால நல்லா இறங்கினேன். நடுவுல கோவேறு கழுதைக் கூட்டம் ஒண்ணு சாமான் ஏத்திட்டு வந்துச்சு. அதுங்க வந்தா ஓட்டறவர் சொல்ற இடத்துல, மலைப்பக்கமா ஒதுங்கி அசையாம நிக்கணும். ஒவ்வொண்ணும் மூக்குல புகை விட்டுட்டு, என்னைக் கண்டுக்காம போச்சு.

ஊ ஆ பாயிண்ட்ல வெயில். கிழக்க முழுப் பள்ளத்தாக்கும் விரிஞ்சு கிடக்கு. அதுக்குக் கீழ பாதை காஞ்சு, செம்மண்ணா இருந்துச்சு. ஸ்பைக்ஸோட நடக்க டக்கு டக்குனு தொந்தரவா இருக்கவே, கழட்டிப் பையில போட்டேன். அதுதான் தப்பு. பாதை ஒரு இடத்துல திரும்புது, திரும்பின உடனே மறுபடி நிழல். மண்ணு நிறத்துலயே ஒரு கண்ணாடிப் பனி. கால் வச்சேன். வானம் தெரிஞ்சது.

உக்காந்த மேனிக்கு ரெண்டு மீட்டர் சறுக்கியிருப்பேன். ஓரத்துல ஒரு கல்லு இருந்துச்சு. என் வலது ஷூ அதுல போய் முட்டி நின்னுச்சு. கையில கழட்டி வச்சிருந்த ஒரு கையுறை மட்டும் தாண்டிப் போயிடுச்சு. விழுந்த சத்தம் கேக்குமான்னு என்னை அறியாம காது கொடுத்துக் கேட்டேன். ஒண்ணும் கேக்கல.

அடி பெருசா இல்ல. முழங்கையில தோல் உரிஞ்சு, இடுப்புல ஊமைக்காயம். ஆனா அங்கயே, சுவத்துப் பக்கமா நகர்ந்து உக்காந்து, போன எடுத்தேன். சிக்னல் இல்ல. அப்போதான் மனசு ஒரு கணக்குப் போட ஆரம்பிச்சது.

அந்தக் கல்லு இல்லன்னா, என்னை யாரு தேடுவாங்க? டீம் ஆளுங்களுக்கு நான் ஃபீனிக்ஸ்ல ரூம்ல தூங்கிட்டு இருக்கேன். அம்மாவுக்கு நான் நாலு பேரோட சேர்ந்து சுத்திட்டு இருக்கேன், போன் எடுக்கலன்னா ஜாலியா இருக்காபோலன்னு நினைப்பாங்க. திங்கட்கிழமை ராத்திரி டீம் திரும்பி வந்து கதவத் தட்டற வரைக்கும், நான் காணோம்னே யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் எங்க தேடுவாங்க? இந்தப் பள்ளத்தாக்குப் பேரையே நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நான் அவ்வளவு அழகா பொய் சொல்லியிருக்கேன்.

ஒரு வயசான அம்மா, எழுபது இருக்கும், ரெண்டு கைலயும் குச்சி வச்சுக்கிட்டு மேல ஏறி வந்தாங்க. என்னைப் பார்த்து நின்னு, "அடிபட்டுச்சா? மேல உனக்காக யாராவது காத்திருக்காங்களா?"ன்னு கேட்டாங்க.

நான் உடனே, "ஆமா, ஃபிரெண்ட்ஸ் இருக்காங்க"ன்னேன்.

மூணாவது பொய். யோசிக்காம, தானா வந்துச்சு. தனியா இருக்கற பொண்ணு தெரியாதவங்ககிட்ட தனியா இருக்கேன்னு சொல்லக்கூடாதுன்னு நமக்கு ஊறிப் போயிருக்குல்ல, அது. அவங்க தலையாட்டிட்டு நாலு அடி போனாங்க. எனக்குத் தொண்டை அடைச்சது. "இல்ல, யாரும் இல்ல, நான் மட்டும்தான் வந்திருக்கேன்"னு பின்னாடியே கத்தினேன்.

அவங்க திரும்பி வந்து, நான் ஸ்பைக்ஸ் மாட்டற வரைக்கும் நின்னாங்க. அந்தப் பாதைகள்ல நடக்கறவங்க சொல்ற ஒரு பேச்சு இருக்கு: இறங்கறது உன் இஷ்டம், ஏறறது கட்டாயம். அதைத்தான் அவங்களும் சொன்னாங்க. சீடர் ரிட்ஜ் கண்ணுக்கு எட்டற தூரத்துல கீழ தெரிஞ்சது. விட்டுட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஏறினோம். இறங்கின நேரத்தப் போல ரெண்டு மடங்கு ஆச்சு. மூச்சு வாங்கினதுல பேச்சே இல்ல. மேல வந்ததும் அவங்க கார்ல கிளம்பிட்டாங்க. பேர் கூடக் கேட்டுக்கல.

என்ன கேணி?

மதியம் ஒரு மணிக்கு ஊர்ப் பக்கம் சிக்னல் வந்துச்சு. முதல்ல டீம்ல இருக்கற தோழிக்கு மெசேஜ் போட்டேன். எங்க இருக்கேன், என்ன ஆச்சு, காய்ச்சல் பொய், எல்லாம். பதில் அஞ்சு நிமிஷத்துல வந்துச்சு. "உனக்குக் காய்ச்சல்னு நாங்க இன்னிக்கே கிளம்பி வந்துடலாமான்னு பேசிட்டு இருக்கோம். நீ அங்க மலை ஏறிட்டு இருக்கியா?" அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் ஒண்ணும் வரல. கோவம் நியாயம்தான்.

அம்மாவுக்கு அப்போ நடு ராத்திரி ஒன்றரை. அரிசோனாவுக்கும் நம்ம ஊருக்கும் பன்னண்டரை மணி நேரம் வித்தியாசம். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் காத்திருந்தேன். அந்த அஞ்சு மணி நேரம் மலை ஏறினதவிட நீளம்.

"எங்க இருக்க?"

"கிராண்ட் கேன்யன்மா."

"என்ன கேணி?"

"கேணி இல்லம்மா, கேன்யன். பெரிய பள்ளத்தாக்கு."

"யார் கூட?"

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான் வந்தேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

பேச்சே இல்ல. பின்னாடி டிவில பக்திப் பாட்டு ஓடிட்டு இருந்துச்சு, அது மட்டும் கேட்டுச்சு. விழுந்ததையும் சொன்னேன். அப்புறம் அம்மா குரல் மாறிடுச்சு.

"பொய் சொன்னதுக்கு நீ ஊருக்கு வா, பேசிக்கறேன். இப்ப அந்த லாட்ஜு பேரு, ரூம் நம்பரு, அங்க இருக்கற போன் நம்பரு எல்லாம் சொல்லு. மெதுவா சொல்லு, எழுதறேன்."

சொன்னேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி? நம்ம நேரத்துக்குச் சொல்லுடி."

அதையும் சொன்னேன். "ஏறினதும் ஒரு மெசேஜ் போடு. இறங்கினதும் ஒண்ணு போடு"ன்னுட்டு வச்சுட்டாங்க.

அம்மா அதோட மனசு மாறி, "போய்ட்டு வாடி தங்கம்"னு சொல்லிட்டாங்கன்னு நினைச்சுக்காதீங்க. ஊருக்கு வந்ததும் ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாவது நாள் திட்டு. இன்னிக்கும் நான் தனியா போறது அவங்களுக்குப் பிடிக்காது. ஆனா பீரோ கதவுக்கு உள் பக்கம் தினசரி காலண்டர் தாள் ஒண்ணு ஒட்டியிருக்கு. அதோட பின்பக்கத்துல அம்மா கையெழுத்துல லாட்ஜ் பேரு, ரூம் நம்பர், வண்டி நேரம். தலைப்பு, 'கிராண்ட் கேணி'. அது பக்கத்துல இப்போ இன்னும் ஆறு தாள் இருக்கு. ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒண்ணு.

நீங்க போறதா இருந்தா

குளிர்காலத்துல போறவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன்.

சவுத் ரிம் மட்டும்தான் திறந்திருக்கும். கூட்டம் ரொம்பக் கம்மி, அதுக்காகவே போகலாம். ஆனா மூடுபனி ஒரு நாள் முழுக்க இருக்கலாம், அதனால குறைஞ்சது ரெண்டு ராத்திரி வச்சுக்கங்க. ஒரே நாள்ல போய்ட்டு வர்ற டூர்ல போனா, என்னை மாதிரி வெள்ளையப் பார்த்துட்டுத் திரும்பிடுவீங்க.

கார் இல்லன்னா ஹெர்மிட் ரோட்ட மறந்துடுங்க, இல்ல நடக்கத் தயாரா இருங்க.

மைக்ரோஸ்பைக்ஸ் கட்டாயம். பாதை காஞ்சிருக்குன்னு கழட்டினாலும், ஒவ்வொரு நிழலுக்கு முன்னாடியும் நின்னு பாருங்க. சவுத் கைபாப் பாதையில குடிதண்ணி கிடையாது, எடுத்துட்டுப் போகணும். பாட்டில கோட்டுக்கு உள்ள வச்சுக்கங்க, வெளிய தொங்கவிட்டா உறைஞ்சிடும். இறங்கினதுக்கு ரெண்டு பங்கு நேரம் ஏறறதுக்கு வைங்க. ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும்.

கையுறை ரெண்டு ஜோடி.

கடைசியா, உங்க கேள்விக்கு வர்றேன். வீட்ல என்ன சொல்லிட்டுப் போறது? உண்மையச் சொன்னா விடவே மாட்டாங்கங்கற நிலைமை நிறைய பேருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க வீடும் அப்படித்தான். எல்லாரும் அம்மாகிட்ட சொல்லித்தான் ஆகணும்னு நான் சொல்ல வரல. அக்காவா இருக்கலாம், ஹாஸ்டல் ரூம்மேட்டா இருக்கலாம். ஆனா ஒருத்தருக்காவது முழு உண்மை தெரிஞ்சிருக்கணும். எந்த ஊரு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குள்ள நான் பேசலன்னா யாருக்குப் போன் பண்ணணும்னு. எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. தனியா போற சுகம் அதனால ஒரு துளி குறையாது, நான் ஆறு தடவ பார்த்துட்டேன்.

உங்களோட அந்த 'ஒருத்தர்' யாருன்னு எனக்கு எழுதுங்க. இந்த எபிசோட அவங்களுக்கே அனுப்பிவிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் பத்திரமா சுத்துங்க.